வளரும் உடலும் குறையும் உணவும்: வன்னிச் சிறுவரின் நிறைகுறைப்புப் பற்றிய ஓர் உடற்றொழிலியல் நோக்கு

உட்கொண்ட உணவின் சக்தியிலிருந்து செலவழித்த சக்தியைக் கழித்தால் எஞ்சுவதே உடலில் நிறையாகச் சேர்கின்றது என்ற கணக்கு எல்லோரும் அறிந்ததே. உணவைக் குறைத்து உழைப்பைக் கூட்டினால் உடல் மெலியும் என்ற முடிவும் இக்கணக்கிலிருந்தே பெறப்படுகின்றது. வளர்ந்தோரைப் பொறுத்தவரை இம்முடிவு ஓரளவுக்கேனும் பொருந்தும். ஆனால், இதே கணக்கைச் சிறுவருக்கும் அப்படியே பொருத்தி, பருத்த பிள்ளையின் இரவுணவை நிறுத்துவதையும், அதிகாலையில் வெறும் வயிற்றோடு மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதையும் நல்ல பெற்றாரின் கடமையாகக் கருதும் போக்கு நம்மிடையே தோன்றியுள்ளது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலத்தில் இப்போக்கு எழுவது சிந்தனைக்குரியது. குறைந்த உணவும் கூடிய உடலுழைப்பும் இந்நிலத்தின் சிறுவர்மீது, எவரும் கேளாமலே, ஏறக்குறைய இருபதாண்டுக் காலம் சுமத்தப்பட்டிருந்தன. போர்க்காலப் பட்டினியும் வீட்டில் விதிக்கப்படும் உணவுக் கட்டுப்பாடும் நோக்கத்தாலும் கடுமையாலும் வேறுபட்டவை. இரண்டையும் சமப்படுத்துவது நமது எண்ணமன்று. எனினும், இவ்விரு நிலைமைகளிலும் தொழிற்படும் உடலியற் பொறிமுறை ஒன்றே. வளரும் உடலுக்கு ‘மெலிதல்’ என்ற கருத்துத் தெரியாது. பற்றாக்குறை என்பதொன்றே தெரியும். இதனை விளக்குவதும், அதிலிருந்து வன்னியின் பெற்றாரும் ஆசிரியரும் சுகாதாரப் பணியாளரும் பெறக்கூடிய முடிவுகளை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளரும் உடலின் வரவுசெலவு

வளர்ந்தவரின் உடல் இருப்பதைப் பேணுகின்றது. சிறுவரின் உடலோ இருப்பதைப் பேணிக்கொண்டே இல்லாததைக் கட்டியெழுப்புகின்றது. பிறந்த முதல் மாதத்தில் குழந்தைக்குத் தேவையான சக்தியில் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்டது வளர்ச்சிக்கே செலவாகின்றது. ஒரு வயதாகும்போது இப்பங்கு ஏறக்குறைய 3 வீதமாகக் குறைந்து, கட்டிளமைப் பருவத்து வளர்ச்சிப் பாய்ச்சலின்போது மீண்டும் சற்று உயர்கின்றது.

இந்த 3 வீதம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால், குடும்பமொன்றின் வரவுசெலவில் வீட்டுச் சுவரை எழுப்புவதற்கென ஒதுக்கிய பணம் எத்தகையதோ அத்தகையது இது. நெருக்கடி வரும்போது அரிசிக்கும் மருந்துக்குமான செலவை நிறுத்த முடியாது. சுவர் வேலையையே நிறுத்துவர். உடலும் அவ்வாறே செய்கின்றது. இதயம், ஈரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றின் செலவு தவிர்க்க முடியாதது. அவற்றுள்ளும் மூளையின் கோரிக்கை மிகப் பெரியது. நான்கு, ஐந்து வயதளவில் ஓய்விலிருக்கும் உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மூளையே எடுத்துக்கொள்கின்றது என்பதனை 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அந்த வயதிலேயே உடலின் வளர்ச்சி மிக மெதுவாக நடைபெறுகின்றது என்பதும் அவ்வாய்வின் முடிவாகும். போதிய உணவு கிடைக்கும் பிள்ளையிடத்தும் மூளைக்கும் உடம்புக்கும் இடையே இத்தகைய பங்கீடு நடைபெறுமாயின், உணவு குறைந்த பிள்ளையிடத்து அது எவ்வளவு கடுமையாகும் என்பதனை நாம் ஊகிக்கலாம்.

நான்கு வயது தொடக்கம் பத்து வயது வரை ஆண்டொன்றுக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் வரை உயரும் பிள்ளை, வளர்ச்சிப் பாய்ச்சலின் உச்சத்தில் 8 அல்லது 9 சென்ரிமீற்றர் உயர்கின்றது. பெண்பிள்ளைகளில் இவ்வுச்சம் 12 வயதளவிலும் ஆண்பிள்ளைகளில் 14 வயதளவிலும் நிகழும். இவ்வுச்சத்தை ஒட்டிய இரண்டே ஆண்டுகளில், வாழ்நாள் முழுவதும் என்பில் சேரும் சுண்ணச்சத்தில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு சேர்ந்துவிடுகின்றது. பெரும்பாலான பிள்ளைகள் தம் உடலைக் கண்ணாடியிற் பார்த்து வெட்கி உணவைக் குறைக்கத் தொடங்குவதும் இதே ஆண்டுகளிலேயே என்பது கவனிக்கத்தக்கது.

பற்றாக்குறைக்கு உடலின் மறுமொழி

உணவுக் குறைவுக்கு மனித உடல் எவ்வாறு இசைவாக்கம் பெறுகின்றது என்பதனைத் தெளிவாகக் காட்டிய பரிசோதனை, இரண்டாம் உலகப்போரின் இறுதியில் அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவரால் நடத்தப்பட்டது. தாமாக முன்வந்த 36 இளைஞர் 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைக்கப்பட்டனர். அவர்களது நிறை ஏறக்குறைய நான்கிலொரு பங்கு குறைந்தது. ஆனால், அவர்களின் அடிப்படை அனுசேபம் ஏறக்குறைய 40 வீதம் வீழ்ந்தது. உடல் சிறுத்த அளவுக்கும் மேலாக அது தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. நாடித்துடிப்புத் தளர்ந்தது, குளிர் தாங்கவில்லை, உணவைப் பற்றிய எண்ணமே மனத்தை நிறைத்தது.

இவர்கள் வளர்ந்த ஆடவர். வளர்வதற்கு அவர்களிடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. பிள்ளையின் உடலிலோ சுருக்கக்கூடிய செலவு இன்னொன்று உண்டு, அதுவே வளர்ச்சி. சிறுவரிடத்து இம்மறுமொழி பொதுவாக ஓர் ஒழுங்கில் நிகழ்கின்றது. முதலிற் குறைவது விளையாட்டு. உகண்டாவின் கிராமக் குழந்தைகளை ஆராய்ந்து 1972இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, குறைந்த உணவு பெற்ற குழந்தைகள் ஓடியாடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டதனைக் காட்டியது. ‘குழப்படி இல்லாத பிள்ளை’ என்று நாம் பாராட்டும் பிள்ளை சிலவேளை சக்தியைச் சேமிக்கும் பிள்ளையாக இருக்கலாம். அடுத்து நிறை கூடுவது நின்றுபோகின்றது. பற்றாக்குறை நீடிக்குமாயின் உயரம் கூடுவதும் தளர்கின்றது.

இதற்கான கட்டளைகளை ஓமோன்கள் வழங்குகின்றன. உணவு குறைந்ததும் குருதியில் இன்சுலின் தாழ்கின்றது. தைரொயிட்டுச் சுரப்பியின் தொழிற்படு ஓமோனும் தாழ, உடலின் உலைத்தீ தணிகின்றது. கபச்சுரப்பி வளர்ச்சி ஓமோனைக் கூடுதலாகவே சுரக்கின்றது. ஆயினும் ஈரல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. வளர்ச்சி ஓமோனின் கட்டளையை என்புகளுக்குக் கொண்டுசெல்லும் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியின் அளவு குறைந்துவிடுகின்றது. 1994இல் கண்டறியப்பட்ட லெப்ரின் என்னும் ஓமோன் உடலின் கொழுப்புக் கலங்களிலிருந்து மூளைக்குச் சேமிப்பின் அளவை அறிவிக்கின்றது. கொழுப்புக் குறைந்து லெப்ரின் தாழும்போது மூளை பசியைத் தூண்டுகின்றது, பூப்பெய்துதலையும் ஒத்திவைக்கின்றது. 1999இல் கண்டறியப்பட்ட கிரெலின் என்னும் ஓமோன் இரைப்பையிலிருந்து எழுந்து அப்பசியை மேலும் வளர்க்கின்றது.

இம்மறுமொழிகளில் எதுவும் நோயன்று. பஞ்சத்தைக் கடந்து உயிர் பிழைப்பதற்காக உடல் கைக்கொள்ளும் தந்திரமே அது. ஆனால், உணவைக் குறைத்தவர் ஆட்சியாளரா, இயற்கையா, அன்புள்ள தாயா என்று பிரித்தறிய உடலுக்கு வழியில்லை.

வன்னி தரும் சான்று

வன்னி ஆதியிலிருந்தே வறிய நிலமன்று. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்களின் நீரும், குளத்து மீனும், மேட்டுநிலத்துக் குரக்கனும் பயறும் உழுந்தும், காட்டின் தேனும் பாலைப்பழமும் இந்நிலத்துப் பிள்ளைகளுக்குப் பல்வகை உணவைத் தந்தன. அப்போதும் பெரும்போக அறுவடைக்கு முந்திய மழை மாதங்கள் நெருக்கடியானவையே. ஆயினும் அறுவடையோடு அந்நெருக்கடி தீர்ந்தது. பின்தங்கிய பிள்ளை மீண்டும் வளர்ந்தது.

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டதோடு இச்சுழற்சி குலைந்தது. எரிபொருள், பசளை, மருந்து முதலியன வன்னிக்குள் வருவது தடைசெய்யப்பட்டது அல்லது கட்டுப்படுத்தப்பட்டது. ஏ9 பாதை மூடப்பட்டது. எரிபொருளின்றி நீரிறைக்க முடியாத தோட்டங்கள் வாடின. மக்கள் மைல்கணக்கில் துவிச்சக்கரவண்டி மிதித்தும் நடந்தும் பொருள் சுமந்தனர், பிள்ளைகளும் சுமந்தனர். 1995ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து இடம்பெயர்ந்த மக்களிற் பெருந்தொகையினர் வன்னியை வந்தடைந்தனர். 1996இல் கிளிநொச்சி நகரே இடம்பெயர்ந்தது. உணவு குறைந்து, உழைப்புக் கூடி, மலேரியாவும் வயிற்றோட்டமும் அவற்றோடு சேர்ந்தன. தொற்றுநோயும் பிள்ளையின் சக்தியை வளர்ச்சியிடமிருந்து பறிக்கின்றது.

2002இன் போர்நிறுத்தத்தோடு பாதை திறக்கப்பட்டது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பினதும் சர்வதேச உதவி நிறுவனங்களினதும் பணியாளர் வன்னியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் முல்லைத்தீவுக் கரையோரத்தின் ஒடுங்கிய நிலத்துண்டில் அடைபட்ட மக்களுக்குக் கஞ்சியே உணவாயிற்று. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று பகிரப்படுவது அந்த உணவின் நினைவே. உயிர்தப்பிய ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்களிற் பெரும்பாலோர் வவுனியா மாவட்டத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் வைக்கப்பட்டனர். மெனிக் பாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது.

இக்காலத்துச் சிறுவரின் வளர்ச்சி எவ்வாறு இருந்தது என்பதனை நாட்டின் புள்ளிவிபரங்களில் தேடுவோர் ஒரு வெற்றிடத்தையே காண்பர். இலங்கையின் குடித்தொகைச் சுகாதார அளவீடுகள் 1987, 1993, 2000 ஆகிய ஆண்டுகளில் வடக்கையும் கிழக்கையும் பெரும்பாலும் தவிர்த்தே நடத்தப்பட்டன. 2006/07இன் அளவீடு வட மாகாணத்தை விலக்கியது. நாடு முழுவதையும் உள்ளடக்கிய அளவீடு 2016இலேயே சாத்தியமாயிற்று. எனவே, இந்நாட்டின் சிறுவர் போசணை முன்னேற்றம் பற்றிப் பெருமையோடு பேசப்பட்ட ஆண்டுகளில், வன்னியின் பிள்ளை அக்கணக்கிலேயே இருக்கவில்லை.

உணவு திரும்பும்போது

பற்றாக்குறை நீங்கியபின் பிள்ளை வழமையைவிட வேகமாக வளர்ந்து இழந்ததை ஈடுசெய்ய முயல்கின்றது. இதனை 1963இல் பிராடர், ரனர் முதலிய அறிஞர்கள் ‘எட்டிப்பிடிக்கும் வளர்ச்சி’ என்ற கருத்தால் விளக்கினர். பற்றாக்குறை குறுகியதாயும் பின்னர் கிடைக்கும் உணவு சிறந்ததாயும் இருப்பின் இம்முயற்சி வெற்றிபெறும். பற்றாக்குறை நீண்டதாயின், குறிப்பாக முதல் இரண்டு ஆண்டுகளில் நேர்ந்ததாயின், இழந்த உயரம் முழுமையாகத் திரும்புவதரிது.

மீட்சியிலும் ஓர் ஒழுங்கு உண்டு. உடல் முதலிற் கொழுப்பைச் சேமிக்கின்றது. தசையும் என்பும் பின்னரே வருகின்றன. அடுத்த பஞ்சம் வருமுன் களஞ்சியத்தை நிரப்பும் விவசாயியின் அறிவு அதனிடம் உள்ளது. கீஸின் பரிசோதனைக்கு உட்பட்ட இளைஞரும் உணவு திரும்பியபோது முன்பிருந்ததைவிடக் கூடிய கொழுப்பைச் சேர்த்தனர்.

இவ்வறிவு கருப்பையிலேயே தொடங்குகின்றது. 1944–45 மாரியில் ஒல்லாந்தில் ஏற்பட்ட பஞ்சத்தின்போது கருவிலிருந்து, பின்னர் 19 வயதில் இராணுவத்துக்காகப் பரிசோதிக்கப்பட்ட ஏறக்குறைய மூன்று இலட்சம் இளைஞரின் பதிவுகள் 1976இல் ஆராயப்பட்டன. கர்ப்பத்தின் முற்பாதியில் பஞ்சத்துக்கு உட்பட்டோரிடையே உடற்பருமன் கூடுதலாகவும், கர்ப்பத்தின் இறுதியிலும் பிறந்த உடனேயும் உட்பட்டோரிடையே குறைவாகவும் காணப்பட்டது. இந்தியாவின் பூனேயில் யாஜ்னிக் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கு பிறந்த குழந்தைகள் சராசரியாக ஏறக்குறைய 2.7 கிலோகிராம் நிறையுள்ளவை. ஒப்பிடப்பட்ட ஆங்கிலேயக் குழந்தைகள் 3.5 கிலோகிராம். தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்த இந்தியக் குழந்தைகளில் தோலடிக் கொழுப்பு மட்டும் பெருமளவு பேணப்பட்டிருந்தது. இத்தகைய உடலை ‘மெலிந்த கொழுப்புடல்’ என்றனர். பிரேசிலின் சாவோ பாவுலோ சேரிகளில் 2000ஆம் ஆண்டளவில் நடத்தப்பட்ட ஆய்வில், வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் கொழுப்பை எரிக்கும் ஆற்றல் குறைந்தவர்களாகக் காணப்பட்டனர்.

1990களில் வன்னியிற் குழந்தைகளாயிருந்தோர் இன்று பெற்றார். 2009இல் கைக்குழந்தைகளாயிருந்தோர் கட்டிளமையைக் கடந்துகொண்டிருக்கின்றனர். மேற்கண்ட ஆய்வுகள் காட்டும் திசையில் நோக்கின், இவர்களது உடலும் இவர்களின் பிள்ளைகளது உடலும் பற்றாக்குறைக்கென ஆயத்தப்படுத்தப்பட்டவை எனலாம். அவற்றின்மீது இன்று சீனியும் எண்ணெயும் கோதுமை மாவும் வந்து குவிகின்றன. இங்கு தோன்றும் பருமன், பெருந்தீனியின் விளைவு என்பதைவிடப் பஞ்சத்தின் பின்விளைவு என்பதே பொருத்தமாகும்.

பருத்த பிள்ளையும் உணவுக் கட்டுப்பாடும்

2016ஆம் ஆண்டின் அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 15 வீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறையற்றவர். 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர். ஏறக்குறைய 2 வீதத்தினரே மிகைநிறையுடையோர். ஆகவே மெலிவே இன்னும் நாட்டின் பெரும் பிரச்சினை. மிகைநிறை பெரும்பாலும் பாடசாலை வயதிலும் நகர்ப்புறத்திலும் தலைகாட்டுகின்றது. எண்ணிக்கையிற் சிறிதாயினும், தவறான சிகிச்சையால் பெருந்தீங்கு விளையக்கூடிய இடமும் அதுவே.

அமெரிக்காவில் 9 தொடக்கம் 14 வயது வரையான ஏறக்குறைய 15,000 பிள்ளைகளைத் தொடர்ந்து அவதானித்து 2003இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், மெலிவதற்காக உணவைக் குறைத்த பிள்ளைகள் அவ்வாறு செய்யாத பிள்ளைகளைவிடக் கூடிய நிறையைப் பெற்றமை காணப்பட்டது. கட்டுப்பாடு பசியை வளர்க்கின்றது. பசி கட்டுப்பாட்டை உடைக்கின்றது. உடைந்தபின் பிள்ளை ஒளித்து உண்கின்றது. உடலும் தன் செலவைச் சுருக்கியபடியே காத்திருக்கின்றது. இதற்குப் பிள்ளையின் மனவுறுதியின்மையைக் குறைகூறுவது, மூச்சையடக்கியவன் மீண்டும் மூச்செடுத்தமைக்காக அவனைக் கண்டிப்பதற்கு ஒப்பாகும்.

மாற்று வழி யாது? வளர்ந்தோருக்கு இல்லாத ஒரு வாய்ப்புச் சிறுவருக்கு உண்டு, அவர்கள் உயர்கின்றனர். எடுத்துக்காட்டாக, 10 வயதுச் சிறுவன் ஒருவனின் உயரம் 140 சென்ரிமீற்றர், நிறை 45 கிலோகிராம் எனக் கொள்வோம். அவனது உடற்றிணிவுச் சுட்டி ஏறக்குறைய 23.0. உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு அட்டவணைப்படி அவ்வயதில் 21.4க்கு மேற்பட்டது உடற்பருமன். அவனது நிறை இரண்டாண்டுகள் மாறாமலிருக்க, உயரம் 152 சென்ரிமீற்றராகுமாயின், சுட்டி 19.5 ஆகும். 12 வயதில் மிகைநிறையின் எல்லை 19.9. ஒரு கிலோகிராம்தானும் இழக்காமலே அவன் வழமையான எல்லைக்குள் வந்துவிடுகின்றான். இரண்டு கிலோகிராம் கூடினாலும் சுட்டி 20.3 ஆக, பருமனைக் கடந்து எல்லையை அண்மித்துவிடுகின்றான். எனவே, பெரும்பாலான சிறுவரிடத்து நாம் நாட வேண்டியது நிறைகுறைப்பன்று. நிறையை நிலைநிறுத்தி உயரத்துக்குக் காலம் கொடுப்பதேயாம். உயரமோ போதிய புரதமும் சுண்ணச்சத்தும் உறக்கமுமின்றி வராது. பட்டினி போடுவது இம்மருந்தையே பறித்துவிடுகின்றது.

நிறையை நிலைநிறுத்தும் வழி பற்றியும் சான்று உண்டு. அமெரிக்க உளவியலறிஞர் லெனார்ட் எப்ஸ்ரைன், 6 தொடக்கம் 12 வயது வரையான பருத்த பிள்ளைகளின் குடும்பங்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 1990இல் முடிவுகளை வெளியிட்டார். பெற்றாரும் பிள்ளையும் சேர்ந்தே தம் பழக்கங்களை மாற்றிய குடும்பங்களில், பிள்ளைகளின் மிகைநிறை பத்தாண்டுகளின் பின்னரும் 7.5 வீதம் குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் அது 14.3 வீதம் கூடியிருந்தது. ஒரே வீட்டில் ஒருவருக்குக் குரக்கன் ரொட்டியும் மற்றோருக்குக் கொத்துரொட்டியும் என்பது நடவாது. சட்டி ஒன்றாக இருக்கவேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மிகை உணவால் பருத்த பிள்ளை பொதுவாக வயதுக்கு உயரமானதாகவே இருக்கும். பருமனும் குட்டையும் ஒருங்கே காணப்படின் தைரொயிட்டுக் குறைபாடு முதலிய ஓமோன் நோய்களை வைத்தியர் ஐயுறுவர். ஆனால், வளர்ச்சி குன்றல் மலிந்த நிலத்தில் குட்டையான பருத்த பிள்ளை, ஓமோன் நோயின்றியே, முன்னைப் பசியையும் பின்னைச் சீனியையும் ஒரே உடலிற் சுமக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவது வைத்தியரின் பணி. அதற்கு நிறை மட்டுமன்றி உயரமும் ஒழுங்காக அளக்கப்பட்டிருத்தல் வேண்டும். சுட்டி குறைவாயினும் கொழுப்புக் கூடியிருக்கலாம் என்பதனையும் மறத்தலாகாது. ஒரே சுட்டியுள்ள வெள்ளையினப் பிள்ளைகளைவிட இலங்கைப் பிள்ளைகளின் உடலிற் கொழுப்புக் கூடுதலாக இருப்பதனைக் கொழும்புப் பல்கலைக்கழகத்துச் சிறுவர் மருத்துவப் பேராசிரியர் புஜித விக்கிரமசிங்க முதலியோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

உடற்பயிற்சியின் உண்மைப் பயன்

உடற்பயிற்சியைக் கொழுப்பை எரிக்கும் அடுப்பாக மட்டும் கருதுவது தவறு. அமேசன் காட்டையண்டி வாழும் சுவார் இனத்துச் சிறுவரை ஆராய்ந்து 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதனை உணர்த்துகின்றது. அச்சிறுவர் கைத்தொழில் நாடுகளின் சிறுவரைவிட ஏறக்குறைய 25 வீதம் கூடுதலாக இயங்கினர். நோயெதிர்ப்பின் பொருட்டு ஓய்வின்போதும் ஏறக்குறைய 20 வீதம் கூடுதலாகச் சக்தியைச் செலவிட்டனர். எனினும், நாள் முழுவதுக்குமான மொத்தச் செலவு இரு சாராரிடத்தும் ஒன்றாகவே இருந்தது. கூடுதலாகச் சென்றதை உடல் வேறோரிடத்தில், வளர்ச்சி உட்பட, ஈடுசெய்துகொண்டது என்பதே ஆய்வாளரின் விளக்கம். குறையுணவோடு கடும் பயிற்சியைச் சேர்ப்பவர் இம்முடிவை எண்ணிப்பார்க்க வேண்டும்.

அவ்வாறாயின் பயிற்சி வீணா? அல்ல. நிறை மாறாதபோதும் பயிற்சி தசைகளை இன்சுலினுக்கு இணங்கச் செய்கின்றது. ஈரலிற் படியும் கொழுப்பைக் குறைக்கின்றது. குதித்தலும் ஓடுதலும் என்பைத் தடிப்பாக்குகின்றன. உறக்கமும் மனமகிழ்வும் கூடுகின்றன. 5 தொடக்கம் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை இயக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் விதந்துரைக்கின்றது. அது விளையாட்டாக இருக்கலாம், தண்டனையாக இருத்தலாகாது.

ஆனால், அந்த 60 நிமிடம் எங்கே கிடைக்கும்? ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான தனியார் வகுப்புகள் மாலை நேரத்தை விழுங்குகின்றன. பூப்பெய்திய பெண்பிள்ளை மைதானத்திலிருந்து விலக்கப்படுகின்றாள்; அவளது என்பு சுண்ணச்சத்தைச் சேர்க்கவேண்டிய ஆண்டுகளும் அவையே. முகமாலை போன்ற பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் பணி போர் முடிந்து பல்லாண்டுகளின் பின்னரும் தொடர்ந்தது. அங்கு பிள்ளையை வெளியே ஓடவிடத் தயங்கிய தாயைக் குறைகூற முடியாது. பிள்ளையின் உடலசைவு பிள்ளையின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. நிலம், பரீட்சை, பால் வேறுபாடு ஆகியவற்றையும் பொறுத்தது.

பொறுப்பு யாருடையது?

பாடசாலை வாயிலிற் கிடைக்கும் பணிஸ், பிஸ்கற், சோடா ஆகியவை விலை மலிந்தவை, பசியை விரைவில் அடக்குபவை. முட்டையும் மீனும் பயறும் பாலும் விலை கூடியவை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைக் கடந்தது. அத்தகைய காலத்தில் ஏழைக் குடும்பம் முதலில் விட்டுவிடுவது புரதத்தையே. சோறும் சீனியும் எஞ்சுகின்றன. மெலிந்த பிள்ளையையும் பருத்த பிள்ளையையும் ஒரே தெருவில், சிலவேளை ஒரே வீட்டில், உருவாக்குவது இந்த விலைப்பட்டியலே. 2016இல் இலங்கை அரசு மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவை நிறக்குறியீட்டால் காட்ட வேண்டுமென விதித்தது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் சிவப்பு நிறத்தைக் கண்டு விலகுபவருக்கு வாங்கக்கூடிய வேறொன்று அருகில் இருத்தல் வேண்டும்.

பொது ஏற்பாடுகள் நம்மிடம் இல்லாமலில்லை. வீடு தேடி வந்து பிள்ளையை நிறுத்துப் பதிவேட்டிற் புள்ளியிடும் குடும்ப நல உத்தியோகத்தர் இருக்கின்றார். 1973இல் தொடங்கிய திரிபோஷாத் திட்டம் இருக்கின்றது. முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் தரங்களுக்கான பாடசாலை மருத்துவப் பரிசோதனை இருக்கின்றது. பாடசாலை மதிய உணவு இருக்கின்றது. இவை பெரிதும் மெலிந்த பிள்ளையை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை. பருத்த பிள்ளையையும் இதே ஏற்பாடுகளே காக்க முடியும். ஒரு பிடி கீரையும் ஒரு முட்டையும் பருப்பும் சேர்ந்த மதிய உணவு மெலிந்தவனை வளர்க்கும். பருத்தவனைச் சோடாவிலிருந்து விலக்கும். குளத்து மீனையும் மேட்டுநிலத் தானியத்தையும் அப்பாத்திரத்திற் சேர்ப்பது வன்னியின் மீனவருக்கும் விவசாயிக்கும் ஒரு சந்தையைத் தரும்.

இவற்றோடு நாம் வலியுறுத்த விரும்புவன மூன்று. முதலாவது, பிள்ளையை நிறுக்கும் ஒவ்வொரு முறையும் உயரத்தையும் அளத்தல் வேண்டும். நிறை மட்டும் எழுதப்பட்ட பதிவு பாதி உண்மையையே கூறும். இரண்டாவது, வைத்தியரின் மேற்பார்வையின்றி எப்பிள்ளைக்கும் உணவுக் கட்டுப்பாடு விதித்தலாகாது. நேர உணவு எதையும் நிறுத்தாது, சீனிப்பானத்தையும் பொரித்த தின்பண்டத்தையும் வீட்டிலுள்ள அனைவரும் குறைத்தலே போதிய தொடக்கமாகும். மூன்றாவது, வகுப்பறையில் ஒரு பிள்ளையின் நிறையை உரத்து வாசித்தல், பட்டப்பெயர் சூட்டல் முதலியன முற்றாக ஒழிய வேண்டும். வெட்கம் எந்த உடலையும் வளர்த்ததில்லை.

பசியை அறிந்த மக்கள் தம் பிள்ளை பருப்பதை முதலில் மகிழ்ச்சியோடு காண்பதும், பின்னர் அயலவரின் சொல்லுக்கஞ்சி அதனைப் பட்டினி போடுவதும் ஒரே காயத்தின் இரு பக்கங்களாகும். வன்னியின் பிள்ளைகள் ஒரு தலைமுறைக் காலம் உண்ணாமலிருந்து உலகுக்கு ஒரு பாடத்தைக் கற்பித்துவிட்டனர். பிள்ளையின் தட்டிலிருந்து எடுக்கப்படுவது முதலில் அதன் உயரத்திலிருந்தே கழிக்கப்படுகின்றது என்பதே அப்பாடம். அதனை மீண்டும் ஒருமுறை, நம் கையாலேயே, நம் பிள்ளைகள்மீது பரிசோதித்துப் பார்க்க வேண்டிய தேவை நமக்கில்லை.